பேரருவியில் உங்களுக்கு விட்ட இடம்

அண்ணாச்சி,

விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. வெள்ளை நிறம், பொட்டுக்கடலையில் பாதி. பாட்டிலைத் திறந்தால் மேலே கொஞ்சம் பஞ்சு. அதற்கு மருந்துக்கடை அலமாரிக்குள் தலையை விட்டது மாதிரி ஒரு வாசனை. மாத்திரையை விழுங்கிய பிறகு அரை மணி நேரம் காப்பி கூடாது. அடுக்களையில் டிகாக்‌ஷன் இறங்குகிற மணம் வந்து என்னைச் சுற்றி நின்று கேலி செய்யும். காப்பி கிடைக்காத அரை மணி நேரத்தில் தென்காசிக்காரன் என்ன செய்வான்? அடுத்த வீட்டு வம்பை நினைப்பான். நானும் அப்படித்தான் தொடங்குகிறேன். ஆனால் சில மாதங்களாக எந்த வம்பைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனையில் நீங்கள் வருகிறீர்கள்.

இதே பாட்டில் உங்கள் பம்புசெட் கடை மேஜையில், கிரீஸ் டப்பாவுக்கும் சாமி படத்துக்கும் நடுவில் இருக்கும். கழுத்தில் ஆபரேஷன் செய்து தைராய்டை எடுத்துவிட்டால் ஆயுசு முழுக்க இந்த மாத்திரைதான் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாவிட்டாலும் வாய் சும்மா இருக்குமா?

“என்ன அண்ணாச்சி, செர்னோபில் மிட்டாயா?” என்று கேட்டேன்.

“ஆமாலே. நீயும் ஒண்ணு போடுதியா?” என்று பாட்டிலை நீட்டினீர்கள்.

நான் சிரித்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நீங்களும் சிரித்தீர்கள். இப்போது அதே மிட்டாயை எனக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அண்ணாச்சி. இதைச் சொல்லத்தான் இந்த மடல். கேட்டால் முதலில் நீங்கள்தான் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

நீங்கள் கீவ் நகரத்துக்கு இஞ்சினியரிங் படிக்கப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். தெருவிலிருந்து ரஷ்யாவுக்குப் போன முதல் ஆள் என்று ஸ்டேஷனுக்கு மாலையோடு ஒரு கூட்டமே வந்தது. நடுவில் விடுமுறைக்குத் திரும்பி வந்தபோது மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. நீங்கள் படித்த கீவுக்கு வடக்கே செர்னோபிலில் அணு உலை வெடித்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். உங்கள் அம்மா பெட்டியை வாசலிலேயே வைக்கச் சொன்னார்கள். அதிலிருந்த கம்பளிக் கோட்டைக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். நாங்கள் பையன்கள் சுவரேறிப் பார்த்தோம், புகை பச்சையாக வருமா என்று. சாதாரணப் புகைதான் வந்தது. எங்களுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

செர்னோபில் கதையை நீங்கள் சொன்ன விதமும் அப்படித்தான், ஏமாற்றமாக இருக்கும். “முதல்ல யாரும் ஒண்ணும் சொல்லலடே. மே தின ஊர்வலத்துக்குக் கொடி பிடிச்சுட்டுப் போனோம். நல்ல வெயிலு. ஊர்ல இருந்து கொண்டுபோன காப்பித்தூள் மிச்சம் இருந்துச்சு, பால் வாங்கி வாங்கிக் குடிச்சேன். அப்புறந்தான் பாலைக் குடிக்காதன்னான், கீரையைத் திங்காதன்னான், தலையைக் கழுவுன்னான். தெருவெல்லாம் தண்ணி லாரி வச்சுக் கழுவுதான், கழுவுதான், கழுவிட்டே இருக்கான். நம்ம குத்தாலத்தைக் கொண்டுபோய் அங்கன வச்சா என்னன்னு இருந்துச்சு.”

வெடி, நெருப்பு, ஓட்டம் எதுவும் இல்லை. வெயிலும் பாலும்தான். நாங்கள் கேட்க நினைத்த கதை அதுவல்ல. அதனால் எங்களுக்கு வேண்டிய கதையை நாங்களே செய்துகொண்டோம்.

நீங்கள் வந்தது குற்றாலத்தில் சீசன் நேரம். ‘மூலிகைத் தண்ணி, உடம்புல உள்ளதை எல்லாம் இழுத்துட்டுப் போயிரும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு, உங்கள் அம்மா உங்களை ஒரு மண்டலம் அருவியில் நிற்கச் சொன்னார்கள். துணைக்கு நாங்கள் நாலு பேர். சீசனில் பேரருவியில் தலையை நுழைக்க என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும். எண்ணெய் தேய்த்த முதுகுகள் சுவர் மாதிரி நிற்கும். ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியும். அந்தச் சுவரின் முன்னால் நின்று முதன்முதலாகக் கத்தியவன் நான்தான்.

“வழி விடுங்க! அண்ணாச்சி ரஷ்யாவுல அணுகுண்டு வெடிச்ச ஊருல இருந்து வந்திருக்காவ! மேல பட்டுராதிய!”

உலை என்று சொன்னால் பயம் வராது, அதனால் குண்டு என்றேன். சுவர் பிளந்தது. கொல்லத்துப் பக்கமிருந்து வந்த ஒரு மலையாளத்து அப்பா, “மாறி நில்லு மோனே, மாறி நில்லு” என்று பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார். அவ்வளவு பெரிய அருவியின் நட்டநடுவில் ஒரு மாட்டுவண்டி நிறுத்துகிற அளவுக்கு இடம். நீங்கள் அதில் போய் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். “ஏலே, வாங்கலே. நம்மளுக்கு அருவியே வழி விடுது.”

அந்த மண்டலம் முழுக்க நாங்கள் நன்றாகக் குளித்தோம், அண்ணாச்சி. பிறகு வந்த சீசன்களில் விடுமுறைக்கு நீங்கள் வரும்போதும் அப்படியே. வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால்கூட உங்களைக் கூட்டிக்கொண்டு போனோம். அது ஒரு வசதியாகிவிட்டது.

படிப்பை முடித்து வந்து நீங்கள் கடை வைத்ததும், பெண் கிடைக்காமல் உங்கள் அப்பா அலைந்ததும், கடைசியில் வாசுதேவநல்லூரிலிருந்து மைனி வந்ததும் ஊருக்குத் தெரியும். மைனிக்குக் குழந்தை பிறந்த அன்று என்ன நடந்தது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஊரில் ஒரே பேச்சு, குழந்தைக்கு விரல் எத்தனை இருக்குமோ என்று. நான் ஆஸ்பத்திரிக்கு வந்து, குழந்தையைக் கொஞ்சுவதுபோல் கையைப் பிரித்துப் பார்த்தேன். காலையும் பார்த்தேன். நீங்கள் ஜன்னல் ஓரம் நின்றிருந்தீர்கள்.

“எண்ணிட்டியாலே?” என்றீர்கள்.

பிரித்த காலைத் துணிக்குள் திருப்பி வைத்தேன்.

“சரியா இருக்குன்னு வெளிய போய்ச் சொல்லிருடே. நீ சொன்னா ஊரு நம்பும்” என்றீர்கள். கோபமே இல்லை. அதுதான் இன்றைக்கும் குத்துகிறது. அந்தக் குழந்தைக்கு நம் ஊர் அம்மன் பேரை வைத்து உலகம்மை என்றீர்கள். எல்லோருக்கும் அவள் உலகு.

உங்கள் கழுத்தில் கட்டி வந்தபோது ஊர் ஒருவகையில் நிம்மதி அடைந்தது. இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது வீண் போகவில்லை அல்லவா? திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் ஆகி வந்தபிறகு டீக்கடையில் உங்களுக்கு மட்டும் பேப்பர் கப். நம் ஊரில் பேப்பர் கப் நுழைந்ததே உங்களால்தான் என்று நான் அதையும் ஒரு சிரிப்பாக்கினேன். அப்போது நான் பட்டிமன்ற மேடைகளில் பேச ஆரம்பித்திருந்தேன். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊர் ஊராகக் கூப்பிடுவார்கள். தலைப்பு எதுவாக இருந்தாலும் நடுவில் இதைச் செருகிவிடுவேன்:

“எங்க ஊர்ல ஒரு அண்ணாச்சி இருக்காவ. அவுக வீட்ல கரண்டு போனா யாரும் மெழுகுவர்த்தி தேட மாட்டாங்க. அண்ணாச்சியை நடுவீட்ல உக்கார வச்சிருவாங்க. பிள்ளைங்க சுத்தி இருந்து வீட்டுப்பாடம் எழுதிரும்.”

கைதட்டல் விழும். ஒருமுறைகூடத் தவறியதில்லை. இலத்தூர்க் கொடையில் நான் பேசியபோது நீங்களே முன்வரிசையில் இருந்தீர்கள். எல்லோரையும்விட உரக்கக் கைதட்டினீர்கள். திரும்பும்போது உங்கள் பைக்கின் பின்னால் நான். ஊர் எல்லை வந்ததும் வண்டியை மெதுவாக்கி, “நல்லா இருந்துச்சுலே. உலகும் வந்திருந்தா. பொம்பளையாளு பக்கம் இருந்தா” என்றீர்கள். அடுத்த கொடையிலும் நான் அதைச் சொன்னேன்.

நீங்கள் போனது மாரடைப்பில். சர்க்கரை இருந்தது, பீடி இருந்தது, செங்கோட்டைப் பக்கம் போனால் பரோட்டாவும் கோழியும் இருந்தன. ஆனால் சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் ஒருவருக்கொருவர் காதில் சொன்னது, “அதாம்லா, ரஷ்யா கேஸு. இத்தனை வருஷம் உள்ளயே இருந்திருக்கு பாத்தியளா.” நான் அங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. துட்டி வீட்டில் எதற்கு விவாதம் என்று இருந்துவிட்டேன். மேடை கிடைத்தால் எந்த விவாதத்தையும் விடாதவன் நான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் சலூனில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கத்தி கழுத்தில் நின்றது. “அண்ணாச்சி, இங்கன என்னமோ உருளுது” என்றார் சலூன்காரர். எச்சில் விழுங்கச் சொன்னார். உருண்டது. பிறகு ஸ்கேன், ஊசி, அதே திருவனந்தபுரம். நான் கீவுக்குப் போனதில்லை. கொல்லத்தைத் தாண்டிக்கூட அதிகம் போனதில்லை. நான் குடித்த பாலெல்லாம் நம் தெரு மாட்டுப்பால், அதிலும் பாதி தண்ணீர். உங்களுக்கு வந்த அதே கட்டி எனக்கும் வந்திருந்தது.

டாக்டரம்மாவிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். வம்புக்காரன் ஆஸ்பத்திரியிலும் வம்புதானே விசாரிப்பான். அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். கட்டியைப் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த விபத்துக்குப் பிறகு, அந்தப் பாலைக் குடித்த சின்னப் பிள்ளைகளுக்குத்தான் தைராய்டில் புற்றுநோய் அதிகம் வந்தது. உங்கள் வயசுக்கு அதனால் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். பாலில் கலந்திருந்த கதிர்வீச்சு அயோடின் எட்டு நாளைக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். “அவர் ஊருக்கு வந்து சேர்ந்தப்போ உடம்புல அது தீர்ந்திருக்கும். அவரைத் தொட்டா யாருக்கும் ஒண்ணும் வராது, என்னைக்குமே வராது. அவருக்குப் பிறந்த பிள்ளைக்கும் அது இறங்கும்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை” என்றார்கள்.

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அருவியில் அந்தச் சுவர் பிளந்தபோது உங்கள் உடம்பில் இருந்தது எங்கள் உடம்பில் இருந்ததுதான். நல்லெண்ணெய்.

இதற்கு மேல்தான் கூத்து. ஆபரேஷனுக்குப் பிறகு, உங்களுக்குக் கொடுத்த மாதிரியே எனக்கும் கதிர்வீச்சு உள்ள அயோடினைக் கொடுத்தார்கள். மிச்சம் மீதி ஏதாவது ஒட்டியிருந்தால் அதைச் சுட்டுவிட வேண்டுமாம். சில நாள் தனி அறை. அனுப்பும்போது, வீட்டில் கொஞ்ச நாளைக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள், தனியாகப் படுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அதாவது, அண்ணாச்சி, உங்கள் பேரில் நான் மேடை மேடையாகச் சொன்ன கதிர்வீச்சு ஆள் கடைசியில் நிஜமாகவே தென்காசிக்கு வந்து இறங்கினான். அது நான்.

வீட்டு வாசலில் கூட்டம். ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், மாதுளம்பழம். எதிர்வீட்டு அக்கா பேரனை என் மடியில் வைக்க வந்தார்கள்.

“கிட்ட வராதிய! டாக்டர் சொல்லியிருக்காங்க! எனக்குள்ள இப்ப நெசமாவே கதிர்வீச்சு இருக்கு!” என்று நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

மொத்த வாசலும் சிரித்தது. “கழுத்தை அறுத்தும் நக்கல் போகலை பாத்தியளா இந்த மனுசனுக்கு” என்றார்கள் அந்த அக்கா. டீக்கடைக்காரர் கண்ணாடிக் கிளாஸில் டீ கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, தோளில் தட்டிவிட்டுப் போனார். மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என் ஆயுளில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். ஒருத்தர்கூட நம்பவில்லை.

மாடியில் தனியாக இருந்த அந்த நாட்களில்தான் ஞாபகம் வந்தது. உங்கள் முறை வந்தபோது நீங்களும் குழந்தைக்காகக் கடை மாடியில் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரி சொன்ன நாள் முடிந்து நீங்கள் இறங்கி வந்தீர்கள். ஊர் இறங்கி வரவில்லை. மாதக்கணக்கில் கடைப் படிக்கு வெளியே நின்றே மோட்டாருக்கு விலை கேட்டார்கள். நானும் உங்களைப் பார்க்க வந்தேன். படிக்கு வெளியே நின்று நாலு ஜோக் சொல்லிவிட்டுப் போனேன்.

இந்தக் கழுத்துத் தழும்பு காய்கிற சமயத்தில் வீரகேரளம்புதூரிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். மீசை மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. நம் பக்கத்தில் பெண் எடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரர்களிடம் விசாரிக்க மாட்டார்கள், ஊரில் யாருக்கு வாய் நீளமோ அங்கே போவார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அவருடைய மகனுக்கு உலகுவைப் பார்த்திருக்கிறார்கள். பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. ஜாதகமும் சரி.

“பிள்ளை தங்கம்வே. அதுல ஒரு குறையும் இல்ல. அவ அப்பா விசயந்தான் கொஞ்சம் இடிக்கி. அணு உலை வெடிச்ச ஊருல கெடந்தாராம்லா? வீட்டம்மா பயப்படுதா. நாளைக்குப் பிள்ளை குட்டின்னு ஆச்சுன்னா?” என்றார்.

“யார் சொன்னா உங்களுக்கு?”

“அது வருசக்கணக்கா கேள்விப்பட்டதுதான். எங்கூரு கொடையில பந்தோபஸ்து பாக்கும்போது ஒருத்தன் மேடையில சொன்னான். கரண்டு போனா அவரை நடுவீட்ல உக்கார வச்சிருவாங்களாம், பிள்ளைங்க சுத்தி இருந்து...” அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். “எவனோ நல்ல கில்லாடி. இன்னைக்கும் வீட்ல கரண்டு போனா சொல்லிச் சிரிப்போம். இந்தப் பிள்ளை தென்காசின்னதும் வீட்டம்மாதான் கேட்டா, அந்த அண்ணாச்சி மகளான்னு.”

ஒரு நொடி, அண்ணாச்சி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வார்த்தை மாறாமல், நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, அவர் சொன்னாரே. அந்த நொடியை நினைத்தால் இந்த மாத்திரை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. உங்கள் உடம்பிலிருந்த அயோடின் எப்போதோ பாதியாகி, பாதியில் பாதியாகி, இல்லாமலே போய்விட்டது. நான் போட்ட ஜோக் மட்டும் கொஞ்சமும் குறையாமல் உங்கள் மகள் கல்யாணம் வரைக்கும் வந்து நிற்கிறது.

“அந்தக் கில்லாடி நான்தான்” என்றேன்.

அவர் சிரிப்பு மீசையோடு நின்றது. துண்டை விலக்கித் தழும்பைக் காட்டினேன். “அவுகளுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு. நான் எந்த ரஷ்யாவுக்கும் போகல. அவுகளுக்கு அதனாலதான் வந்துதான்னு டாக்டருக்கே தெரியாது. பிள்ளைக்கு இறங்காதுன்னு மட்டும் சொல்லுதாங்க. எனக்கும் ஒரு மகன் இருக்கான். அவனுக்கு நாளைக்கு நீங்க பொண்ணு குடுப்பியளா, மாட்டியளா?”

“உம்ம மகனுக்கு என்னவே, தாராளமாக் குடுப்பாங்க” என்றார். சொல்லிவிட்டு அவரே தரையைப் பார்த்தார். “வீட்ல பேசுதேன்” என்று எழுந்தார்.

பேசியதில், பெண் கழுத்தை ஒரு ஸ்கேன் எடுத்துக் காட்டட்டும் என்று வந்து நின்றது. நான் வெட்கம் கெட்டு உலகுவிடம் போய் அதையும் சொன்னேன். அவள் உங்களை மாதிரியே கோபப்படாமல் பார்த்தாள்.

“எடுக்கேன் சித்தப்பா. அவங்க வீட்லயும் எல்லாரும் எடுக்கட்டும். கழுத்து எல்லாருக்கும்தான இருக்கு?” என்றாள். பிறகு, “நீங்க இலத்தூர்ல பேசுனப்ப நான் அப்பாவையேதான் பாத்துட்டு இருந்தேன். கை தட்டிட்டு வேட்டி முனையால கண்ணைத் துடைச்சாங்க. சிரிச்சு வந்த தண்ணின்னு நெனச்சேன், சின்னப் பிள்ளைலா” என்றாள்.

நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.

போலீஸ்காரர் வீட்டில் வேறு யாரும் எடுக்கவில்லை. பையன் மட்டும் சொல்லாமல் போய் எடுத்து, ரிப்போர்ட்டை உலகுவுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். கீழே ஒரு வரி: ‘என் கழுத்து ரெடி. தாலி கட்டுறது நீயா நானா?’ இவனுக்கும் கொஞ்சம் வாய் நீளம்தான். பயப்படாதீர்கள், நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறேன். பிறகு அவளும் எடுத்தாள். ஒன்றுமில்லை. ஆவணியில் கல்யாணம். மைனி உங்கள் படத்துக்கு முன்னால் பத்திரிகை வைத்துவிட்டார்கள். என் பேர் அதில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற இடத்தில் இருக்கிறது. போட வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். உலகு கேட்கவில்லை.

போன வாரம் நிச்சயதார்த்தம் முடிந்து, சீசன் நன்றாக இருக்கிறதே என்று இரண்டு வீட்டு ஆண்களும் பேரருவிக்குப் போனோம். போலீஸ்காரர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு முன்னால் இடித்து நுழைந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். நாலு பக்கமும் வழுக்கும் முதுகுகள். யாருடைய முழங்கையோ என் விலாவில். யாருடைய தலையோ என் தோளில். என் தழும்பை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் நகரவில்லை. தண்ணீர் மண்டையில் விழ விழ எனக்கு ஒன்று தெரிந்தது.

நாங்கள் கூச்சல் போட்டு வாங்கிய அந்த இடத்தில் நீங்கள் ஒரு நாளும் இப்படிக் குளிக்கவில்லை. நாங்கள் நாலு பேரும் உங்கள் கூட்டாளிகள்தான், ஆனால் நின்றது அந்த வட்டத்தின் ஓரத்தில். உங்கள் மேல் விழுந்து சிதறிய தண்ணீர்கூடப் படாத தூரம். மற்றவர்களைப் பார்த்து, பயந்தாங்கொள்ளிகள் என்று சிரித்துக்கொண்டே நாங்களும் அந்தத் தூரத்தை விட்டிருந்தோம். உங்களுக்கு அது தெரிந்திருக்கிறது. முதல் நாளே பாசியில் என் கால் வழுக்கியபோது, “பிடிச்சுக்கலே” என்று கையை நீட்டினீர்கள்.

நான் எட்டிப் பக்கத்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

கம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அண்ணாச்சி. போன வாரமும் பிடித்துப் பார்த்தேன். அதே ஜில்லிப்பு. வீட்டுக்கு வந்து துவட்டி, சாப்பிட்டு, படுத்து எழுந்தும் உள்ளங்கையில் அது போகவில்லை. இதோ, மாத்திரையை அந்தக் கையில்தான் வைத்திருக்கிறேன்.